"நான் ஓட்டவில்லை, பயணிக்கிறேன்": அமெரிக்க சாவரின் சிட்டிசன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூடியூபில் இந்த மாதிரி வீடியோ ஒன்றாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அமெரிக்காவில் ஏதோ ஒரு சாலையோரம் கார் நிற்கிறது, போலீஸ்காரர் வந்து லைசென்ஸ் கேட்கிறார். உள்ளே இருப்பவர் கண்ணாடியை இரண்டு விரல் அகலத்துக்கு இறக்கி, அந்த இடுக்கு வழியாக லைசென்ஸுக்குப் பதில் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுகிறார். "நான் டிரைவ் பண்ணவில்லை, டிராவல் பண்ணுகிறேன். இது மோட்டார் வாகனம் இல்லை, என் சொந்த உடைமை. உங்களோடு எனக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது." பின்னால் நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் 'தனியார் உடைமை, வாடகைக்கு அல்ல' என்று ஒரு தகடு. வாக்குவாதம் நீள்கிறது, கடைசியில் கண்ணாடியை உடைக்கிறார்கள், ஆளுக்கு விலங்கு, வண்டியை டோ டிரக் இழுத்துக்கொண்டு போகிறது.

பார்க்கிறவர்களில் பலர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலருக்கு மட்டும் "அந்த ஆள் தீர்ப்பெல்லாம் எடுத்துச் சொல்கிறாரே, அதில் கொஞ்சமாவது உண்மை இருக்குமோ" என்று உறுத்தும். அவர்களுக்காகத்தான் இது.

யார் இவர்கள்? கட்சியா, இயக்கமா?

கட்சியும் இல்லை, தலைவரும் இல்லை. 'சாவரின் சிட்டிசன்', அதாவது தனக்கு மேல் எந்த அரசும் இல்லாத குடிமகன், என்ற பெயரையே ஒப்புக்கொள்ளாதவர்கள் இவர்களில் நிறைய. ஆனால் நம்பிக்கை ஏறக்குறைய ஒன்றுதான்: அமெரிக்காவின் உண்மையான அரசு எப்போதோ ரகசியமாக மாற்றப்பட்டுவிட்டது, இப்போது இருப்பது ஒரு கம்பெனி, நீங்களாகப் போய் கையெழுத்துப் போட்டதால்தான் அந்தக் கம்பெனி உங்களை ஆள்கிறது. பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி எண், டிரைவிங் லைசென்ஸ் எல்லாமே அந்த ஒப்பந்தங்கள். சரியான காகிதத்தைச் சரியான வார்த்தைகளோடு அனுப்பினால் வெளியே வந்துவிடலாம், வந்த பிறகு வரி இல்லை, கடன் இல்லை, டிராஃபிக் அபராதம் இல்லை.

அரசு எப்போது மாறியது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வருடம் சொல்வார்கள். 14-வது சட்டத்திருத்தம் வந்த 1868 என்பார் ஒருவர். வாஷிங்டன் நகர நிர்வாகத்துக்காகச் சட்டம் போட்ட 1871 என்பார் இன்னொருவர், ஊராட்சி அமைப்புக்கான அந்தச் சட்டத்தால் நாடே கம்பெனியாகிவிட்டதாம். டாலருக்கு ஈடாகத் தங்கம் தருவதைக் கைவிட்ட 1933 என்பார் மூன்றாமவர்.

இது எங்கே தொடங்கியது?

1970-களில் 'போசே காமிடேட்டஸ்' என்ற பெயரில் அங்கங்கே கிளம்பிய குழுக்களிலிருந்து. அதன் முக்கியமான ஆள் வில்லியம் பாட்டர் கேல், முன்னாள் ராணுவ அதிகாரி, பச்சையான யூத வெறுப்பாளர். மாவட்ட ஷெரீஃபுக்கு மேல் எந்த அதிகாரியையும் ஏற்கத் தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. 1980-களில் வட்டி எகிறி விவசாயிகள் நிலத்தை வங்கிக்குப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நேரம், "இந்தப் பத்திரத்தை நிரப்பி அனுப்பினால் உங்கள் கடன் செல்லாது" என்று சொல்லிக்கொண்டு இவர்கள் போய் நின்றார்கள். நிலம் போகிறவன் எதையும் நம்பிப் பார்ப்பான். 1983-ல் வடக்கு டகோட்டாவில், கார்டன் கால் என்ற வரிமறுப்பு விவசாயியைக் கைது செய்யப் போன இரண்டு ஃபெடரல் மார்ஷல்கள் (மத்திய அரசின் காவல் அதிகாரிகள்) சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றைக்குத்தான் நாடு முழுக்க இந்தப் பெயர் தெரிந்தது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. 14-வது திருத்தம், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையை உறுதி செய்தது. இந்தக் கூட்டத்தின் ஆரம்பகாலக் கணக்கு என்னவென்றால், அந்தத் திருத்தத்தால் குடிமக்களானவர்கள்தான் ஃபெடரல் அரசுக்குக் கீழே வருவார்கள், வெள்ளையர்கள் அதற்கு முன்பே 'அசல்' குடிமக்கள், ஆகவே சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. அடித்தளமே இனவெறிதான். ஆனால் 1990-களில் இதே வாதத்தைக் கறுப்பின அமெரிக்கர்களில் சிலர் எடுத்துக்கொண்டு, 1786-ல் மொராக்கோ சுல்தானோடு அமெரிக்கா போட்ட நட்பு ஒப்பந்தத்தைக் காட்டி, "நாங்கள் மூர்கள் (மொராக்கோ வழிவந்தவர்கள்), உங்கள் சட்டம் எங்களுக்கு இல்லை" என்று ஆரம்பித்தார்கள். யாருக்கு எதிராகச் செய்த சரக்கோ அவர்களே வாங்கிப் போனார்கள்.

சரி, பயணம் செய்வது அடிப்படை உரிமைதானே?

ஆமாம், அதில் சந்தேகமே இல்லை. நெவாடா மாநிலம் தன் எல்லையைத் தாண்டி வெளியே போகும் ஒவ்வொரு பயணியிடமும் ஒரு டாலர் வரி வசூலித்தது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1868-ல் அது செல்லாது என்றது. கிராண்டல் வழக்கு அது. வேறு மாநிலத்திலிருந்து புதிதாகக் குடிவந்த ஏழைகளுக்குக் கலிஃபோர்னியா முதல் வருடம் மட்டும் குறைந்த உதவித்தொகை கொடுத்ததை 1999-ல் சயென்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, அங்கே தங்க, மற்றவர்களைப் போல் நடத்தப்பட உரிமை உண்டு.

இந்த வழக்குகள் எதிலும் ஸ்டியரிங் யார் கையில் என்பது கேள்வியே இல்லை. பஸ்ஸில் எங்கே வேண்டுமானாலும் போக எனக்கு உரிமை இருக்கிறது என்பதற்காக டிரைவர் சீட்டில் உட்கார முடியுமா? மில்லர் என்ற ஒருவர், மதக் காரணத்தால் சோஷியல் செக்யூரிட்டி எண் தர மாட்டேன், அதற்காக லைசென்ஸை மறுப்பது என் பயண உரிமையைப் பறிப்பது என்று கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார். ஒன்பதாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-ல் இரண்டே வரியில் சொல்லிவிடக்கூடிய பதிலைச் சொன்னது: பயணம் செய்யத்தான் அடிப்படை உரிமை, வண்டி ஓட்ட அல்ல, நடந்து போகலாம், பஸ்ஸில் போகலாம், இன்னொருவர் வண்டியில் ஏறிப் போகலாம்.

ஆனால் "கார் ஓட்டுவது சலுகை இல்லை, உரிமை" என்று ஒரு தீர்ப்பே இருக்கிறதே?

இருக்கிறது. தாம்சன் எதிர் ஸ்மித், வர்ஜீனியா உச்ச நீதிமன்றம், 1930. இவர்கள் காரில் வைத்திருக்கும் காகிதக் கட்டில் பெரும்பாலும் முதல் பக்கத்தில் வருவது இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

லின்ச்பர்க் என்ற ஊர். தாம்சன் என்பவருடைய ஓட்டுநர் அனுமதியை ஊர் போலீஸ் தலைமை அதிகாரி ரத்து செய்துவிட்டார். ஊர் விதி அவருக்குத் தோன்றியபடி ரத்து செய்ய அதிகாரம் கொடுத்திருந்தது. இது நியாயமா என்பதுதான் வழக்கு. நீதிமன்றம் சொன்னது: பொதுச்சாலையில் போய்வருவதும், அதற்குக் குதிரை வண்டியோ மோட்டார் காரோ ஓட்டுவதும் குடிமகனின் பொது உரிமை, நகராட்சி நினைத்தால் கொடுத்து நினைத்தால் பிடுங்கும் வெறும் சலுகை அல்ல. இந்த இடம் வரைக்கும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

அதே தீர்ப்பு தொடர்ந்து என்ன சொல்கிறது? பொதுமக்களின் பாதுகாப்புக்காக இந்த உரிமையை நகரம் ஒழுங்குபடுத்தலாம், எல்லாருக்கும் பொதுவான விதிகளின்படி ஓட்டுநர் அனுமதி தரலாம், மறுக்கலாம், ரத்தும் செய்யலாம். கூடாதது ஒன்றுதான்: விதி எதுவும் இல்லாமல் ஒரு அதிகாரி தன் இஷ்டத்துக்குச் செய்வது. லைசென்ஸே தேவையில்லை என்று காட்ட இவர்கள் எடுத்து வருவது, லைசென்ஸ் முறை செல்லும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் ஒரு தீர்ப்பை! சில காகிதங்களில் மேற்கோளை நடு வாக்கியத்தில் வெட்டியிருப்பார்கள், அடுத்த வரி அவ்வளவு வசதியாக இல்லை.

மற்ற தீர்ப்புகள்?

ஒரு நீளமான பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1929-ன் சிகாகோ மோட்டார் கோச் வழக்கு அதில் உண்டு, அது ஒரு பஸ் கம்பெனிக்கு மாநில அனுமதி போதுமா, நகர அனுமதியும் வேண்டுமா என்ற சண்டை. 1958-ன் கென்ட் எதிர் டல்லஸ் உண்டு, அது கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவருக்குப் பாஸ்போர்ட் மறுத்த வழக்கு. காரே இல்லை.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருவது ஷட்டில்ஸ்வொர்த் வழக்கை இழுக்கும்போதுதான். "அரசு உரிமையைச் சலுகையாக மாற்றினால், லைசென்ஸையும் கட்டணத்தையும் உதறிவிட்டு உரிமையைத் தண்டனையின்றி அனுபவிக்கலாம்" என்று அந்தத் தீர்ப்பு சொன்னதாக ஒரு வரியைப் போடுவார்கள். தீர்ப்பில் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது. உண்மையில் அது என்ன வழக்கு தெரியுமா? 1963 புனித வெள்ளியன்று அலபாமாவின் பர்மிங்காம் நகரில், இன ஒதுக்கலை எதிர்த்து ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த் என்ற கறுப்பினப் பாதிரியார் நடத்திய ஊர்வலம். அனுமதி இல்லாமல் ஊர்வலம் போனதாகத் தண்டித்தார்கள். யாருக்கு அனுமதி என்பதை அதிகாரிகளின் மனம்போன போக்கில் விட்ட விதி செல்லாது என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. கறுப்பினத்தவரின் குடியுரிமையையே இரண்டாந்தரம் என்று சொல்லித் தொடங்கிய ஒரு கூட்டம், அவர் சிறைக்குப் போகத் துணிந்து வாங்கிய தீர்ப்பை நம்பர் பிளேட் மாட்டாமல் இருக்கப் பயன்படுத்துகிறது.

'டிரைவர்' என்றால் கூலிக்கு ஓட்டுகிறவர் என்று சட்ட அகராதியிலேயே இருக்கிறதாமே?

1891-ல் வந்த பிளாக் சட்ட அகராதியின் முதல் பதிப்பில், கோச்சு வண்டியோ சாரட்டோ நடத்த அமர்த்தப்பட்டவர் என்கிற மாதிரி விளக்கம் இருக்கிறது. அன்றைக்குச் சாலையில் ஏது கார்? தவிர, அகராதி சட்டம் ஆகாது. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 305-வது பிரிவு, வாகனத்தை ஓட்டுகிறவர் அல்லது அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் எவரும் டிரைவர் என்கிறது. கூலி என்ற பேச்சே அதில் இல்லை.

இதற்கும் மேலே போய், "மோட்டார் வாகனம் என்றால் வணிகத்துக்கு ஓடுவது மட்டும்தான்" என்று ஃபெடரல் சட்டத் தொகுப்பின் 18-வது தலைப்பு, 31-வது பிரிவைக் காட்டுவார்கள். வாசகம் அங்கே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது விமானங்களையும் வாகனங்களையும் குண்டு வைத்தோ வேறு வழியிலோ நாசம் செய்யும் குற்றங்களுக்கான அத்தியாயம், விளக்கமும் அந்த அத்தியாயத்துக்கு மட்டும்தான். உங்கள் காருக்கு லைசென்ஸ் வேண்டுமா என்பதை முடிவு செய்வது அந்தந்த மாநிலச் சட்டம்.

லைசென்ஸ் கேட்கும் அதிகாரம் மாநிலத்துக்கு எங்கிருந்து வந்தது?

இது 100 வருடத்துக்கு முன்பே முடிந்துபோன கதை. மாசசூசெட்ஸும் மிசௌரியும் 1903-லேயே லைசென்ஸ் கேட்க ஆரம்பித்துவிட்டன. 1910-ல் ஹென்ட்ரிக் என்பவர் வாஷிங்டனிலிருந்து பக்கத்து மேரிலாந்துக்குக் காரில் போனார், மேரிலாந்து பதிவு இல்லை என்று அபராதம் போட்டார்கள். கிட்டத்தட்ட இன்றைக்கு இவர்கள் பேசும் எல்லாவற்றையும், மாநிலங்களுக்கிடையே தடையின்றிப் போகும் உரிமை உட்பட, அவரும் பேசிப் பார்த்தார். 1915-ல் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனம் ஆபத்தானது, சாலைக்கும் செலவு இருக்கிறது, ஆகவே பதிவும் ஓட்டுநர் லைசென்ஸும் கட்டணமும் கேட்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று முடித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு இன்றும் அப்படியே நிற்கிறது, இவர்கள் பட்டியலில்தான் இடம் கிடைக்கவில்லை.

பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினால் அது வேறு ஆளாமே?

'ஸ்ட்ராமேன்' (வைக்கோல் பொம்மை) கதை இது, இவர்கள் சொல்வது இப்படிப் போகும். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறதல்லவா, அது நீங்கள் இல்லை, உங்கள் பெயரில் அரசு உருவாக்கிய ஒரு பொம்மை நிறுவனம். 1933-ல் தங்கத்தைக் கைவிட்ட அரசு, அதற்கு ஈடாகக் குடிமக்களையே அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் கருவூலத்தில் ஒரு ரகசியக் கணக்கு. சரியான படிவம் அனுப்பினால் அதிலிருந்து பணம் எடுத்து வீட்டுக்கடனை அடைக்கலாம். ரோஜர் எல்விக் என்பவர் பரப்பிய சரக்கு இது, அவரே மோசடி வழக்கில் உள்ளே போனவர். இதை நம்பி சிவப்பு மையில் கைரேகை வைக்கிறார்கள், கடிதத்தின் மூலையில் தபால்தலை ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போடுகிறார்கள், பெயருக்கு நடுவில் கோடும் முக்காற்புள்ளியும் போட்டு 'இன்ன குடும்பத்து இன்னார்' என்று எழுதுகிறார்கள்.

படிவங்களில் பெரிய எழுத்து போடுவது தெளிவாகப் படிப்பதற்காக, அவ்வளவுதான். கணக்கும் கிடையாது, பணமும் கிடையாது. (தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் நம் எல்லாருக்கும் கடன் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

நீதிமன்றக் கொடியில் தங்க ஜரிகை?

ஜரிகை வைத்த கொடி இருந்தால் அது கடல்சட்ட நீதிமன்றமாம், தரையில் இருப்பவரை விசாரிக்க முடியாதாம். அழகுக்காக வைத்த ஜரிகை. 1925-லேயே அமெரிக்க அட்டர்னி ஜெனரல், அது கொடியின் பகுதியே இல்லை என்று கருத்து எழுதிவிட்டார்.

ஒரு தடவைகூட ஜெயித்ததில்லையா?

வாதத்தை ஏற்றுக்கொண்டு ஜெயித்ததில்லை. டிக்கெட் (அபராதச் சீட்டு) போட்ட போலீஸ்காரர் நீதிமன்றத்துக்கு வராததாலோ, இருநூறு பக்கக் குப்பையைப் படிக்க அரசு வழக்கறிஞருக்கு நேரமில்லாததாலோ ஒரு சின்ன வழக்கு தள்ளுபடியானால், அந்த ஒரு தாளை "பாருங்கள், வேலை செய்கிறது" என்று சுற்றுக்கு விடுவார்கள். தோற்றவர்கள் வீடியோ போடுவதில்லை.

அடிக்கடி சுட்டப்படும் 'வெற்றி', சீக் என்பவருடைய வழக்கு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானி, 1980 முதல் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாமல் விட்டவர். ஒருவர் வரிச்சட்டத்தை உண்மையிலேயே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்தப் புரிதல் எவ்வளவு அபத்தமானாலும், 'வேண்டுமென்றே' செய்த குற்றம் ஆகாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று நம்புவது மட்டும் தப்பிக்கும் வழி ஆகாது என்றும் அதே மூச்சில் சொன்னது. வழக்கு திரும்பப் போனது, மறுவிசாரணையில் சீக் குற்றவாளி என்றே தீர்ப்பானது. வரியும் கட்ட வேண்டியதுதான், அது எந்தக் கட்டத்திலும் ரத்தாகவில்லை.

நீதிபதிகளுக்கு அலுத்துவிட்டது. 1984-லேயே ஒரு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வாதங்களுக்கு விரிவாகப் பதில் எழுதினால் இவற்றில் ஏதோ சாரம் இருப்பது போல் ஆகிவிடும், அதனால் எழுதப்போவதில்லை என்றது. கனடாவில் மட்டும் ஒரு நீதிபதி பொறுமையாக உட்கார்ந்தார். ஆல்பர்ட்டாவின் ஜான் ரூக், 2012-ல், ஒரு சாதாரண விவாகரத்து வழக்கில் கணவர் இந்த வகைக் காகிதங்களைத் தாக்கல் செய்ததைச் சாக்காக வைத்து, உலகத்திலுள்ள இந்தச் சரக்கு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு 736 பத்திகளில் மீட்ஸ் தீர்ப்பை எழுதினார். இந்த வாதங்களைக் காசுக்கு விற்பவர்களை அவர் 'குரு' என்றே குறிப்பிடுகிறார், அவர்களுக்குத்தான் அதில் அதிகச் சூடு.

வெறும் காகிதம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் நம்பினவருக்கு. குரு ஓட்டல் அரங்கில் கூட்டம் போட்டுக் கட்டணம் வாங்கிவிட்டுப் போய்விடுவார், வீடு ஏலம் போவது கேட்டவருக்கு. இந்த வகை அற்ப வாதத்தோடு வரிக் கணக்கு தாக்கல் செய்தால் 5,000 டாலர் அபராதம் தனியாக இருக்கிறது.

அடுத்தது அதிகாரிகளுக்கு. டிக்கெட் போட்ட போலீஸ்காரர், தீர்ப்பு சொன்ன நீதிபதி, இவர்கள் வீட்டின் மேல் லட்சக்கணக்கான டாலர் பாக்கி என்று பொய்யாக உரிமைப் பதிவு செய்துவிடுவார்கள். அந்த மனிதர் வீட்டை விற்கப் போகும்போதுதான் விஷயம் தெரியும். ஃபெடரல் அதிகாரிகள் மேல் இப்படிச் செய்தால் 10 வருடம் வரை சிறை என்று சட்டம் வந்தது இதனால்தான்.

சில சமயம் உயிரே போகிறது. 2010 மே மாதம், ஆர்கன்சாவின் வெஸ்ட் மெம்ஃபிஸில், இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு வேனை வழக்கமான சோதனைக்காக நிறுத்தினார்கள். ஓட்டியவர் ஊர் ஊராகப் போய்க் கடனிலிருந்து தப்பும் வகுப்பு எடுப்பவர், கூட இருந்தது அவருடைய 16 வயது மகன். பையன் துப்பாக்கியோடு இறங்கி இருவரையும் சுட்டுக் கொன்றான். அன்றே அப்பாவும் மகனும் போலீஸோடு நடந்த சண்டையில் இறந்தார்கள். செத்த போலீஸ்காரர்களில் ஒருவர் அந்த ஊர் போலீஸ் தலைமை அதிகாரியின் மகன். அந்தத் தந்தை அதற்குப் பிறகு மற்ற ஊர்ப் போலீஸாருக்கு இந்தக் கூட்டத்தைப் பற்றிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். காகிதக் கட்டை நீட்டும் ஆளைப் பார்த்ததும் அமெரிக்கப் போலீஸ் ஏன் உடனே இரண்டாவது காரைக் கூப்பிடுகிறது என்பதற்குக் காரணம் இது.

அப்படியானால் போலீஸ் நிறுத்தும்போது எனக்கு எந்த உரிமையும் இல்லையா?

நிறையவே இருக்கிறது, மந்திரம் எதுவும் தேவையில்லை. சந்தேகத்துக்குக் காரணமே இல்லாமல், லைசென்ஸ் பார்க்கிறேன் என்று போகிற வண்டியைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1979-ல் டெலவேர் எதிர் ப்ரவுஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. வண்டியைச் சோதிக்க நான் சம்மதிக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்பதற்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் ஓட்டுகிறவர் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் காட்டித்தான் ஆக வேண்டும், இறங்கச் சொன்னால் இறங்கித்தான் ஆக வேண்டும் (1977, மிம்ஸ் வழக்கு). நிறுத்தியது தப்பு என்றால் சண்டையை நீதிமன்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சாலையோரத்தில் யாரும் ஜெயித்ததில்லை. விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். டிக்கெட்டோடு போயிருக்க வேண்டியது கைதாக மாறினால், அடுத்து விசா புதுப்பிக்கப் போகும்போது அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் மட்டும்தானா?

இல்லை. ஜெர்மனியில் பழைய பேரரசு இன்னும் இருக்கிறது என்று சொல்லும் 'ரைஷ்ஸ்பியூர்கர்' கூட்டம், 2022 டிசம்பரில் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வழக்கில் ஒரு பழைய அரச குடும்பத்து ஆள் உட்படப் பலர் கைது. இங்கிலாந்தில் கொரோனா நேரத்தில் சில கடைக்காரர்கள் மேக்னா கார்ட்டா என்ற பழைய உரிமைச் சாசனத்தின் 61-வது பிரிவைக் கதவில் ஒட்டி ஊரடங்கு எங்களுக்கு இல்லை என்றார்கள். 1215-ல் வந்த அந்தப் பிரிவை 1216-லேயே எடுத்துவிட்டார்கள்.

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இருந்தால் அமெரிக்க லைசென்ஸே வேண்டாம் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். உண்மையான பெர்மிட் என்பது 1949 ஜெனீவா உடன்பாட்டின்படி, உங்கள் சொந்த நாட்டு லைசென்ஸுக்கு ஒரு மொழிபெயர்ப்பு மாதிரி. தனியாக அதற்கு எந்த மதிப்பும் கிடையாது, லைசென்ஸ் ரத்தானவருக்கு அது லைசென்ஸ் ஆகிவிடாது. இணையத்தில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற போலி பெர்மிட் கம்பெனிகள் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2003-லேயே நடவடிக்கை எடுத்திருக்கிறது. இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் தங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்தால் ஒரு வருடத்துக்குச் செல்லும் பெர்மிட் கிடைக்கும், கையில் அசல் லைசென்ஸும் இருக்க வேண்டும். அங்கேயே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த மாநிலத்துத் தேர்வை எழுதி லைசென்ஸ் எடுங்கள். எத்தனை நாளைக்குள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்த மாநில மோட்டார் வாகனத் துறையின் தளத்தில் இருக்கும்.